தப்பு ஸ்க்ரூ மேலயாங்க?

போன வாரம் எங்க மாமாவோட பழைய கிடாருக்குப் புதுசா ட்யூனிங் கீ மாட்டினேன். நாலாவது ஸ்க்ரூவுல 'டிக்'குன்னு ஒரு சத்தம். தலை கையோட வந்திருச்சு, மிச்சம் மரத்துக்குள்ளயே நின்னுருச்சு. மாமா ஒண்ணும் சொல்லலை. அதுதான் கஷ்டமா இருந்துச்சுங்க.

"இப்ப வர்ற ஸ்க்ரூ எல்லாம் மட்டம்"னு எல்லாரும் சொல்றதைத்தான் நானும் சொன்னேன். யோசிச்சுப் பார்த்தா அது சும்மா சாக்கு. ரெண்டு மில்லிமீட்டர் கனம்தான் அந்த ஸ்க்ரூ. மேப்பிள் மாதிரி கெட்டி மரத்துல ஓட்டை போடாம முறுக்கினா எப்படித் தாங்கும்?

1937லயே கரன்ட் மோட்டார் செஞ்ச ஊருங்க நம்ம கோயமுத்தூர். இங்க எந்த லேத் பட்டறைப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான், இரும்புல மரை போடறதுக்கு முன்னாடி அளவா ஓட்டை போடணும்னு. மரம்னா மட்டும் நமக்கு இளக்காரம்!

என் கட்சி இதுதான். மரையை விட்டுட்டு ஸ்க்ரூவோட நடுத்தண்டு என்ன கனமோ, அந்த அளவு பிட்டுல ஓட்டை போடணும். கெட்டி மரம்னா மயிரிழை பெருசாவே போடலாம். ஆழம் தாண்டாம இருக்க பிட்டுல டேப் சுத்திக்கணும். மரையில மெழுகுவர்த்தியைத் தேய்ச்சுட்டு, பொருத்தமான திருப்புளியால கையிலயே முடுக்கணும். மெஷின் வேண்டவே வேண்டாம். இறுகினா மல்லுக்கட்டாம பின்னாடி கழட்டிட்டு மறுபடி முடுக்கணும்.

மொத்தம் அஞ்சு நிமிஷ வேலை. அதைச் சோம்பேறித்தனமா விட்டதால, உடைஞ்ச துண்டைச் சுத்தி மரத்தைக் குடைஞ்சு, குச்சி வச்சு ஒட்டி, ஒரு ஞாயித்துக்கிழமையே போச்சு.

அவசரம் நம்முளுது, பழி மட்டும் ஸ்க்ரூவுக்கா? என்னங்க நியாயம்?