பெட்டி எத்தனை?

இந்தக் கிழமை எனக்குக் கோபம் மூட்டியது சூட் போட்ட ஒரு மனிதரும் அவருடைய உருட்டுப் பெட்டியும். பெட்டி என்றதும் "திரும்பவுமோ?" என்று நீங்கள் அலுத்துக்கொள்வது எனக்குக் கேட்கிறது. சில்லுப் பூட்டிய பெட்டிகளைப் பற்றி இனி இந்தப் பத்தியில் மூச்சு விடமாட்டேன் என்று ஆவணி மாதம் வாக்குக் கொடுத்தது உண்மைதான். இந்த ஒருமுறை மட்டும் மன்னியுங்கள்.

செவ்வாய்க்கிழமை விடியப்புறம் ஐந்து மணி. ரொறன்ரோவிலிருந்து வரும் மச்சாளை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர, கொப்பன்ஹேகனின் அமாகர்புரோவில் மெற்றோ ஏறினேன். எங்கள் மேல்மாடியில் இருக்கிற அக்காவும் அதில் இருந்தார். விமானங்களுக்குள் துப்பரவு வேலை செய்கிறவர், பதினைந்து வருசமாக இதே நேரம், இதே ரயில். அந்த நேரத்து ரயிலில் யார் யார் வருவார்கள் என்று ஒருநாள் ஏறிப் பாருங்கள். சமையற்கூட ஆட்கள், பாதுகாப்புச் சோதனை ஆட்கள், கடைகளில் வாசனைத் தைலம் விற்கிற பிள்ளைகள் என்று பாதிச் சனம் கழுத்தில் அடையாள அட்டையோடு தூங்கி வழியும்.

சூட்காரர் கதவடியில் நின்றார். பெட்டி கதவுக்குக் குறுக்கே. போனில் யாருக்கோ உரத்த குரலில் முறைப்பாடு: இந்த ரயில் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் நிற்கிறதாம், ஒரு தலைநகரம் என்றால் நகர நடுவிலிருந்து விமான நிலையத்துக்கு நிற்காமல் ஓடுகிற ரயில் ஒன்று இருக்க வேண்டாமாம், நேரத்துக்குப் பெறுமதி தெரிந்தவர்கள் காசு கொடுக்கத் தயாராம். ஃபெமூரன் நிறுத்தத்தில் இறங்க வந்த ஒரு வயதானவர் பெட்டியைத் தாண்டக் கால் தூக்கிய தூக்கு, சின்ன வயதில் நாங்கள் கிளித்தட்டில் தூக்கியது போல இருந்தது. எனக்கு வாய் உன்னியது. அக்கா என் கையைப் பிடித்தார்.

"விடுங்கோ அண்ணை. இண்டைக்கு அவர் இருந்திட்டுப் போற சீற்றை நான்தானே துடைக்கிறது."

அந்த மனிதருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லித் தீர்க்கிறேன். அவர் குறை சொன்ன அந்தத் தடம், 1907ல் ஓடத் தொடங்கிய அமாகர் ரயிலின் பழைய பாதை. நகரத்து மலக்கழிவைக் கொண்டுவந்து கொட்டிய தீவு என்பதால் அமாகருக்குக் கொப்பன்ஹேகன்காரர் வைத்த பட்டப்பெயரை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். அந்தத் தீவுக்கு 1925ல் விமான நிலையம் வந்தது. 1998 புரட்டாதியில் பெரிய ரயில் வந்தது. 2007 புரட்டாதியில் ஓட்டுநர் இல்லாத இந்த மெற்றோ வந்தது. மெற்றோ தனியாக விமான நிலையத்துக்கென்று போகவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, கடற்கரைக்குக் குளிக்கப் போகிற கிழவி, வேலைக்குப் போகிற அக்கா எல்லாரையும் ஏற்றி இறக்கிக்கொண்டு போய், கடைசி நிறுத்தமாக விமான நிலையத்தைத் தொடுகிறது. கீழே நிற்கிற பெரிய ரயில் ஓரசுண்ட் பாலம் ஏறி மல்மோ போகிறது. அதிலும் பாதிப் பேர் அன்றாடம் வேலைக்கு வந்துபோகிறவர்கள். வியாபாரப் பயணி வருசத்தில் இருபது தரம் பறப்பார் என்று வைத்துக்கொள்வோம். அக்கா போகவும் வரவுமாக நானூறு தரத்துக்கு மேல் இந்தத் தடத்தில் ஏறுகிறார். யாருக்காக ரயில் நிற்க வேண்டும்?

நிற்காத ரயில் வேண்டும் என்றால் பக்கத்திலேயே இருக்கிறது, ஸ்டொக்ஹோமில் போய்ப் பார்க்கலாம். அங்கே 1999ல் தனியார் நடத்த வந்த ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் நல்ல வேகம்தான், விலையும் நல்ல விலைதான். சாதாரணப் பயணிகள் ரயிலில் வந்து விமான நிலைய ஸ்டேசனில் இறங்குகிறவர் வாசலைத் தாண்டவே தனிக் கட்டணம் கட்ட வேண்டும். டில்லியில் 2011ல் திறந்த விமான நிலைய விரைவு மெற்றோவும் முதலில் தனியார் கையில்தான் இருந்தது. அடுத்த வருசமே பழுது என்று சில மாதம் மூடிக் கிடந்தது, 2013ல் டில்லி மெற்றோ நிர்வாகம் கையில் எடுத்தது, கட்டணத்தைக் குறைத்த பிறகுதான் சனம் ஏறியது. சென்னையிலோ 2016ல் மெற்றோ வருவதற்குப் பல காலம் முன்பே விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெருஞ்சாலையைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். அதைப் பயன்படுத்திய சூட்காரரை நான் பார்த்ததில்லை.

எங்கள் கஸ்ட்ரூப் விமான நிலையத்து ரயில் நிலையமும் எப்போதும் நல்லபிள்ளையாக இருக்கவில்லை. 2016 தை 4ஆம் திகதி சுவீடன் அடையாள அட்டைச் சோதனை கொண்டுவந்தபோது, மல்மோ போகிற அத்தனை பேரும் அங்கே இறங்கி, ஏறி, வரிசையில் நின்று, அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ரயில் ஏற வேண்டியிருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே வேலி கூடப் போட்டார்கள். அகதிகளைத் தடுக்க என்று போட்ட வேலியில் தினமும் சிக்கியது வேலைக்குப் போன சனம். 2017 வைகாசி வரை அந்தக் கூத்து நடந்தது.

அகதி என்ற சொல் வந்துவிட்டது. இனி ரயிலை அதன் பாட்டில் விடவேண்டியதுதான்.

மச்சாளின் விமானம் பிந்திவிட்டது. வருகை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், டென்மார்க்காரர் ஊர் திரும்பும் பிள்ளைகளைக் கையில் சின்னக் கொடியோடு வரவேற்பார்கள். சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கடதாசிக் கொடி. இந்தச் சனத்துக்குக் கொடி என்பது அரசாங்கத்துச் சாமான் இல்லை. பிறந்தநாள் கேக்கிலும் குத்துவார்கள், நத்தார் மரத்திலும் மாலை கட்டுவார்கள். கண்ணாடிக் கதவு திறக்கும், கொடிகள் ஆடும், ஒரு பொடியன் முதுகுப் பையோடு வெட்கத்தில் சிரிப்பான். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். என் கோபம் முழுக்க அங்கேதான் கரைந்தது.

ஆனால் அந்த வாசலில் நிற்கும்போதெல்லாம், கதவு திறக்காத காலமும் நினைவுக்கு வரும். எங்கள் பிள்ளைகளுக்கு இதை நாங்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆற்றாமை. டென்மார்க்கின் பாடப்புத்தகத்தில் எங்கள் இனத்தின் பெயரால் ஒரு விவகாரம் இருக்கிறது. தமிழர் விவகாரம் என்றுதான் அதற்குப் பெயர்.

1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் கூப்பிட உரிமை உள்ளவர். 1987ல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை மட்டும் அடியில் போட்டு வைக்கச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை, மறுத்துக் கடிதம் எழுதவும் இல்லை. கோப்பைத் தூங்க விட்டார்கள், அவ்வளவுதான். அது எந்த நேரம் என்று பாருங்கள். அந்த ஐப்பசியில்தான் யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. இங்கே மேசையில் கோப்பு தூங்க, அங்கே பெண்சாதி பிள்ளைகள் கோயில் மண்டபங்களில் நித்திரை இல்லாமல் கிடந்தார்கள்.

1989ல் நாடாளுமன்றத்தின் முறைகேள் அதிகாரி அதைக் கண்டித்தார். பிரதமர் போல் ஸ்லூட்டர் சபையில் எழும்பி, கம்பளத்துக்குக் கீழே எதையும் கூட்டித் தள்ளவில்லை என்று சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு டேனிஷ் மொழியில் கம்பளம் போதும் என்று அன்று தெரிந்துகொண்டோம். பிறகு நீதிபதி மொகென்ஸ் ஹோர்ன்ஸ்லெட் விசாரித்து, ஏறத்தாழ 6,000 பக்க அறிக்கையை 1993 தை 14ஆம் திகதி வைத்தார். பத்து வருசத்துக்கு மேல் பிரதமராக இருந்த ஸ்லூட்டர் அன்றே பதவி விலகுவதாக அறிவித்தார். அமைச்சர்களை விசாரிக்கும், 1910க்குப் பிறகு கூடாதிருந்த உயர் மன்றம் கூடி, 1995ல் நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறை விதித்தது. ஒத்திவைத்த தண்டனை, உள்ளே போகவில்லை. யாரோ சில நூறு தமிழ்ப் பெண்கள் விமானம் ஏறாததால் ஒரு அரசாங்கம் கவிழ்ந்தது. இதைச் சொன்னால் என் மகன், "உண்மையாவோ அப்பா?" என்று போனில் தேடிப் பார்க்கிறான்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர், யூலாந்தின் ஹேர்னிங்கில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணர். அவருடைய மனைவியும் மகளும் 1990ல் வந்தார்கள். யூலாந்திலிருந்து கஸ்ட்ரூப்புக்கு அப்போது எப்படிப் போவது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ரயில் நியூபோர்க் வரை வரும். அங்கே ரயிலே கப்பலின் வயிற்றுக்குள் ஏறும். கடலைக் கடந்து கோர்சூரில் இறங்கித் திரும்ப ஓடும். அந்தக் கடலைக் கடக்கிற ஸ்டோரபெல்ட் ரயில் பாதை 1997ல்தான் திறந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடி ரயிலைப் பிடித்த கதைகளைத் தகப்பனிடம் கேட்டு வளர்ந்தவர் அண்ணர். "எங்கட ஆக்கள் ரயிலை விட்டிட்டுக் கப்பல் ஏறினவை, இவங்கள் ரயிலோட ஏறுறாங்கள்" என்பார். கொப்பன்ஹேகனில் இறங்கி, பஸ் பிடித்து, விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் முந்திவிட்டாராம். சும்மா நிற்க மனமில்லாமல் கடையில் ஒரு கொடி வாங்கினார். மற்றவர்கள் எல்லாரும் வைத்திருந்தார்களே.

மனைவி கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து முதலில் பார்த்தது கொடியைத்தான். "இதென்ன, இவங்கட கட்சியில சேந்திட்டியளே?" என்று கேட்டாராம். மகளுக்கு ஆறு வயது. தகப்பன் முகம் தெரியாது. தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தவள், திரும்பி வரும்போது கப்பலுக்குள் ரயில் நின்ற அந்த ஒரு மணி நேரத்தில்தான் மெல்ல வந்து கொடியை வாங்கினாளாம். கடதாசி மங்கிப்போன அந்தக் கொடி இன்றைக்கும் அண்ணரின் வானில், முன்கண்ணாடி ஓரம் செருகியிருக்கிறது.

வான் என்றதும் ஒன்று. இந்த நாட்டுத் தமிழர் கூடுதலாக இருப்பது யூலாந்தில். அங்கே பெரிய விமான நிலையம் பில்லுண்ட். லெகோ முதலாளி கொட்ஃப்ரெட் கிர்க் கிறிஸ்டியான்சன் 1962ல் தன் சொந்த விமானத்துக்குப் போட்ட ஓடுபாதையிலிருந்து வளர்ந்தது. வியாபாரப் பயணிக்காகவே பிறந்த நிலையம் என்று சொல்லலாம். ஆல்போர்க் விமான நிலையத்துக்குக் கூட 2020ல் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். பில்லுண்டுக்குத் திட்டம் போட்டார்கள், கதைத்தார்கள், ரயில் இன்னும் இல்லை. பிராண்ட அபிராமி அம்மன் திருவிழாவுக்கு லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்திறங்குகிற சனத்துக்கு, பிராண்டவில் ரயில் நிலையம் இருந்தும் பிரயோசனம் இல்லை. அங்கே போய்ச் சேர முதலில் ஒரு வாகனம் வேண்டும்.

அந்த வாகனம் அண்ணருடையது. எழுபது வயது தாண்டிவிட்டது. காசு வாங்க மாட்டார், தேத்தண்ணி குடிப்பார்.

மச்சாள் வந்து சேர்ந்தார், ஐந்து பெட்டிகளோடு, எல்லாம் சில்லுப் பூட்டியவை. மெற்றோவில் நாங்கள் கதவை அடைத்துக்கொண்டு நின்ற விதத்தை இங்கே விவரிக்க மாட்டேன். லேர்கிராவ்ஸ்பார்கனில் ஏறிய ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை போதும்.

மச்சாளின் புருசனும் பிள்ளைகளும் சனிக்கிழமை நேரே பில்லுண்டில் இறங்குகிறார்கள். இரவு அண்ணருக்குப் போன் அடித்தேன். விமானம் எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து என்று எதுவும் கேட்கவில்லை.

"பெட்டி எத்தனை?" என்றார்.