கடைத்தெரு முழுவதும் தெரிய வேண்டும்

திண்டுக்கல் பூட்டு, பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவற்றுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த ஆண்டு கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் வந்தது. இந்தக் குறியீட்டை எந்தத் தனி முதலாளியும் தனக்கென்று வாங்கிக்கொள்ள முடியாது. சங்கமோ கூட்டுறவு அமைப்போ கோயில் நிர்வாகமோ முன்னின்று ஊருக்காகப் பெறுகிற உரிமை அது. அந்தப் பெயரை யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்று உற்பத்தியாளர்களைத் தனித்தனியே பதிவு செய்யும் ஏற்பாடும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பெயரைச் சேர்ந்து காக்க வேண்டும் என்று இந்த ஊர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதே பெயரைப் போனில் தேடுகிறவரைக் கடை வாசல்வரை கூட்டிவரும் வேலையை மட்டும் ஒவ்வொரு கடைக்காரர் தலையிலும் தனித்தனியாகச் சுமத்திவிட்டோம். அரம் பிடித்து மாங்காய்ப் பூட்டு செய்கிற கையே கேமராவும் பிடிக்க வேண்டும், ஆங்கிலத்தில் விவரம் எழுத வேண்டும், யாரோ கேட்ட கேள்விக்கு இரவு பத்து மணிக்குப் பதிலும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது நியாயமல்ல, நடக்கவும் நடக்காது.

இணையத்தில் இருப்பது என்றவுடன் பெரிய இணையதளம், விளம்பரச் செலவு, ரீல்ஸ் என்று எண்ணிப் பலர் மலைத்துப்போகிறார்கள். உண்மையில் மிக்ஸி பழுது பார்ப்பவரையும், மோட்டாருக்குக் காயில் கட்டுபவரையும், ரவிக்கை தைப்பவரையும், பந்தல் போடுபவரையும் தேடுகிற ஆள் பெரும்பாலும் நாலு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். கடை எங்கே இருக்கிறது, இப்போது திறந்திருக்கிறதா, போன் எண் என்ன, இந்த வேலையைச் செய்வார்களா? அவருக்கு வேண்டிய தகவல் இவ்வளவுதான். கூகுள் மேப்பில் கடையைப் பதியக் காசு கிடையாது. பெயர், தொழில் வகை, நேரம், எண், சில படங்கள் கொடுத்தால் போதும். பிறகு கடை உண்மையிலேயே அங்கே இருக்கிறது என்பதற்குச் சரிபார்ப்பு ஒன்று உண்டு. தெருவையும் கடைப் பலகையையும் உள்ளே இருக்கும் சாமான்களையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எந்தக் கடையை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: கேட்டதற்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பெயர்பெற்றது. மூன்றாவதில் வாடிக்கையாளர் எழுதும் ரிவியூவுக்கும் பங்கு உண்டு. 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம்தான். சரக்கின் படத்தையும் விலையையும் அதில் அடுக்கி வைத்துவிடலாம். பெரும்பாலான சிறு கடைகளுக்குத் தொடக்கத்தில் இந்த இரண்டும் போதும் என்றே நினைக்கிறேன்.

இந்த விஷயத்தில் ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. பெரிய இணையச் சந்தைகள்தான் மளிகைக் கடையையும் செருப்புக் கடையையும் சாய்த்தன, அந்தப் பக்கமே போகக்கூடாது என்பது ஒன்று. கமிஷனும் ரிட்டர்ன் செலவும் அடக்கவிலைக்குக் கீழே விற்கிற போட்டியும் சிறு வியாபாரியை வதைப்பது உண்மை. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் நம் கடை தேடலில் அகப்படாதபோது தேடியவர் நேராக அந்தப் பெரிய சந்தைக்குத்தானே போகிறார்? ஒதுங்கி நிற்பது அவர்களுக்கே லாபம். காலத்துக்கேற்ப மாறாதவர் அழிய வேண்டியதுதான் என்பது மற்றொரு பேச்சு. காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கி, சரக்கு இறக்கி, கல்லாவில் உட்கார்ந்து, இரவு கணக்கு முடித்து வீட்டுக்குப் போகிறவருக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று இப்படிப் பேசுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. கடையில் இன்னொரு ஆளைச் சேர்க்க வரும்படி இடம் கொடுப்பதில்லை. மகனோ மகளோ வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். அறியாமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ஆள் இல்லாத குறைதான்.

அந்த வெற்றிடத்தில்தான் தரகர் நுழைகிறார். கடையை மேப்பில் போட்டுத் தருகிறேன், நூறு ஐந்து நட்சத்திர ரிவியூ வாங்கித் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நேர்மையாக உழைக்கும் இளைஞர்களும் இந்தத் தொழிலில் உண்டு, அவர்கள் கேட்கும் கூலி நியாயமானது. கோளாறு ஓரிடத்தில் தொடங்குகிறது. பதிவு கடைக்காரர் மின்னஞ்சலில் இல்லாமல் செய்து கொடுத்தவர் மின்னஞ்சலில் இருக்கும். ஓடிபி வரும் எண்ணும் அவருடையதே. முதல் ஆண்டு யாருக்கும் இது தெரியாது. சந்தா விஷயத்தில் மனத்தாங்கல் வந்த பிறகுதான், தன் கடையின் நேரத்தைக்கூடத் தன்னால் மாற்ற முடியவில்லை என்பது உரிமையாளருக்குப் புரியும். உரிமையை மீட்கக் கோரிக்கை வைக்க வழி இருக்கிறது; ஆனால் படிவங்களை நிரப்பிப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். அதைச் செய்ய முடிந்தவருக்குத் தரகரே தேவைப்பட்டிருக்க மாட்டார். யாரும் கவனிக்காத பதிவில் வேறொருவன் தன் எண்ணைப் புகுத்திப் பணம் கறக்கும் மோசடிகளும் நடந்திருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய ரிவியூ இன்னொரு தீங்கு. அது பக்கத்துக் கடைக்காரர் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்த பேரைக் கெடுக்கிறது. இணைய ரிவியூக்கள் எப்படித் திரட்டப்பட வேண்டும், வெளியிடப்பட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரநிலையே கொண்டுவந்தது என்றால், நோய் எவ்வளவு பரவியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகச் சொன்ன முடிவு அது. அதன் சரி தவறு வேறு விவாதம். சேலையையும் ஊறுகாயையும் அங்கே காட்டி வாடிக்கையாளரைச் சேர்த்திருந்தவர்களுக்கு அந்த வாடிக்கை ஒரே இரவில் போனது. வணிகப் பதிவோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சிறு இணையப் பக்கங்களும் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. பலகையிலும் பில்லிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. எந்தச் செயலியும் வாடகை வீடுதான், வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். அதனால் கடை கொஞ்சம் காலூன்றியதும் சொந்தப் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கிவிடுவது நல்லது. ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் முகவரியும் உண்டு. வாடிக்கையாளர் சம்மதத்தோடு வாங்கிய எண்களைக் கடை நோட்டில் எழுதிவைக்கும் பழைய பழக்கத்தையும் விட வேண்டாம்.

இதில் யாருக்கு என்ன பங்கு? வணிகர் சங்கத்திலிருந்து தொடங்குகிறேன், அதற்குத்தான் பலம் அதிகம். கடையடைப்பு என்றால் ஒரே நாளில் ஊர் முழுக்கச் சேதி சொல்லவும், மே 5 வணிகர் தினத்துக்கு வண்டி வண்டியாக ஆள் திரட்டவும் தெரிந்த சங்கங்கள் நம்முடையவை. தெருவாரியாகக் கடைப் பட்டியல் எடுப்பதும், விவரம் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துச் சங்க அலுவலகத்தில் உட்கார வைப்பதும் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. ஒப்பந்தத் தாள் ஒன்றையும் சங்கமே அச்சடித்துத் தரலாம்: பதிவு கடைக்காரர் மின்னஞ்சலில், ஓடிபி கடைக்காரர் எண்ணில், பொய் ரிவியூ கிடையாது. இதில் கையெழுத்துப் போடுகிற இளைஞருக்கே உறுப்பினர்கள் வேலை கொடுப்பது என்று முடிவெடுத்தால், ஏமாற்றுகிறவர் தானாக விலகுவார், நேர்மையானவருக்கு நிலையான தொழில் கிடைக்கும்.

வணிகவியலும் கணினியும் படிக்கும் மாணவர்களுக்குச் செய்முறைத் திட்டம் உண்டு, நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. கற்பனைக் கடைக்குத் திட்ட அறிக்கை எழுதுவதைவிட, கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் வளையல் கடைக்கும் உண்மையான வேலை செய்தால் கற்றுக்கொள்வது அதிகம். ஆனால் மதிப்பெண் வந்ததும் மாணவர் மறைந்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டு மாணவரிடம் அந்தக் கடைகளை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். எல்லா வேலையும் கடைக்காரர் போனில், அவர் கண்ணெதிரே நடக்கட்டும்.

நகராட்சியின் பங்கு யாரும் பேசாதது. நம் ஊர்களில் கதவு எண்ணுக்குப் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. ஒரே தெருவுக்கு மூன்று பெயர் வழங்குகிறது. முகவரி குழம்பினால் மேப்பும் குழம்பும், கூரியர்காரர் கடைக்குப் போன் மேல் போன் போடுவார். தெருப் பெயர்ப் பலகையையும் கதவு எண்ணையும் சீராக்குவது சிறு வணிகத்துக்குச் செய்யும் நேரடி உதவி. தெருவோர வியாபாரிகளையும் இதில் விட்டுவிடக் கூடாது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழும் நிலையான இடமும் இருந்தால்தான் தள்ளுவண்டிக்காரர் ஒரு லொகேஷனை நம்பிப் போட முடியும்.

அரசிடம் கேட்க வேண்டியது முக்கியமாக வரி விஷயம். இணையச் சந்தையில் ஒரு பொருள் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்ற நிலை 2023 அக்டோபர் 1 முதல் தளர்ந்தது. விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர் இப்போது ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே. கோவில்பட்டிச் சரக்கு பெங்களூருக்குப் போக இந்தச் சலுகை உதவாது. 2025 ஜூலையில் யுபிஐ வரவைக் கணக்கிட்டுக் கர்நாடகத்தில் சிறு கடைகளுக்கு வரித்துறை நோட்டீஸ் அனுப்பியதும், பெங்களூரில் பல கடைகள் ஸ்கேன் அட்டையையே எடுத்துவிட்டன. கண்ணுக்குத் தெரிந்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருக்கும்வரை எந்தப் பயிற்சி முகாமும் பலன் தராது. வரம்பு என்ன, எதற்கு வரி, எதற்கு இல்லை என்பதை மாவட்டத் தொழில் மையம் ஒரே பக்கத்தில், நல்ல தமிழில் அச்சிட்டுக் கடை கடையாகக் கொடுக்க வேண்டும். மத்திய அரசு முன்னெடுத்த ஓஎன்டிசி என்னும் இணைய வணிக வலையமைப்பு 2022 ஏப்ரலில் முதலில் சோதித்த ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரு செயலியில் பதிந்த கடை மற்ற செயலிகளில் வாங்குபவருக்கும் தெரியும் என்ற அதன் அடிப்படை நல்லது. கொங்கு நாட்டு வியாபாரிகளின் அனுபவத்தைத் திரட்டி மற்ற மாவட்டங்களுக்குச் சொல்லும் வேலையைத் தொழில் அமைப்புகள் எடுத்துக்கொள்ளலாம். செயலி நிறுவனங்கள் தமிழில் பேசும் உதவி மையத்தையாவது வைக்க வேண்டும். பதிவு முடங்கிய கடைக்காரர் ஒரு மனிதரிடம் முறையிட முடிய வேண்டும்.

வாடிக்கையாளராகிய நமக்கும் வேலை இருக்கிறது. இருபது ஆண்டாகத் துணி தைக்கும் டெய்லருக்கு ஒரு வரி நல்லதாக எழுத நம் கை வந்ததே இல்லை. ஒருநாள் தாமதமானால் மட்டும் ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிறோம். குறை இருந்தால் முதலில் கடையில் சொல்லலாம். நிறைவாக இருந்தால் என்ன வாங்கினோம், எப்படி இருந்தது என்று தமிழிலேயே எழுதலாம். மேப்பில் நேரமோ எண்ணோ தவறாக இருந்தால் திருத்தம் அனுப்ப அரை நிமிடம் போதும். கடைக்காரரும் தன் பங்குக்குச் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும், விடுமுறை என்றால் போட்டு வைக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் கேட்டவருக்கு அன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். உணவுப் பண்டம் விற்பவர் உணவுப் பாதுகாப்புப் பதிவெண்ணைத் தெரியும்படி போடட்டும். வெளியூரில் இருந்து வாங்குபவருக்கு அந்த எண்தான் முதல் நம்பிக்கை.

தீபாவளி வியாபாரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, ஆவணியில் தொடங்கினால் சரியாக இருக்கும். ஊருக்கு ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஐம்பது கடை, பத்து மாணவர்கள், கடைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒரு சனி ஞாயிறில் முடிந்துவிடும். சங்கம் மதியச் சாப்பாடு போடட்டும், நகராட்சி கதவு எண் பட்டியலைக் கொடுக்கட்டும், தொழில் மைய அலுவலர் ஒருவர் வரிச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல உட்காரட்டும். கார்த்திகையில் அதே பிள்ளைகள் மறுபடி தெருவுக்கு வந்து, எந்தெந்தக் கடைக்கு அழைப்பு வந்தது, எந்தக் கடைக்காரருக்குப் பாஸ்வேர்ட் மறந்துபோனது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த தெருவை அந்தக் குறிப்பை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.