பேரேடும் கணிப்பொறியும்

முத்தாண்டிக்குப்பத்தினின்றும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களினின்றும் கல்லூரி நாடி வரும் மாணவர் பலர். நெய்வேலி நகரியத்தை அடுத்து, செம்மண் நிலத்தில், முந்திரித் தோப்புகளினிடையே அமைந்த ஊர் அது. அப்பக்கத்து மாணவரை நோக்கி, 'என்ன பாடம் எடுத்திருக்கின்றாய்?' என்று வினவினால், முன்னாளில் கணிதம், பௌதிகம், சரித்திரம் என விடை வரும். இந்நாளிலோ, 'வணிக நிருவாகம்' என்றாவது, 'கணிப்பொறிப் பயன்பாட்டுடன் கூடிய வணிகவியல்' என்றாவது விடை வருகின்றது. இம்மாறுதல் நன்றோ தீதோ என்பது குறித்து எமது கருத்தை ஈண்டு வெளியிட விரும்புகின்றோம்.

இப்பாடத்தை மாணவர் விரும்புதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. அன்று முதல் சுற்றுப்புறத்துக் குடும்பங்கள் பலவும், என்றேனும் ஒருநாள் தம் பிள்ளைக்கு அந்நிறுவனத்தில் ஓர் உத்தியோகம் கிடைக்கும் என்று நம்பியே காலங்கழித்தன. அந்நம்பிக்கை சிலர்க்குக் கைகூடிற்று. எல்லார்க்கும் கைகூடுதல் இயலாது. ஆகவே, மூன்றாண்டில் முடிந்து, குளிர்ந்த அறையில் அமர்ந்து செய்யும் வேலைக்கு வழிகாட்டுவதாகச் சொல்லப்படும் படிப்பினைப் பெற்றோர் நாடுகின்றனர். தாயின் கழுத்து நகை அடகுக் கடைக்குச் செல்கின்றது. மகன் கல்லூரிக்கு வருகின்றான். இதனை எள்ளி நகையாட யாருக்கும் உரிமையில்லை. அந்நகைக்கு ஈடாக அம்மாணவன் எதனைக் கற்றுச் செல்கின்றான் என்பதே நம்முன் உள்ள வினா.

'இது கல்வியன்று, பிழைப்புக்குரிய தொழிற்பயிற்சி மாத்திரமே' என்பாரும் உளர். அக்கூற்றினை நாம் ஒப்புக்கொள்ளோம். இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதன்முதலாக அச்சில் விளக்கியவர் லூக்கா பாச்சோலி என்னும் இத்தாலியத் துறவி. அவர் 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் வெளியிட்ட கணித நூலிலேயே அதனை ஒரு பகுதியாக அமைத்தார். கணக்கெழுதுதல் கணிதத்தின் உடன்பிறப்பு என அக்காலத்து அறிஞர் கருதினர் என்பது இதனாற் பெறப்படும். நம் நாட்டு நிலைமை என்ன? நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கை, பருமா, மலேயா முதலிய நாடுகளிற் கடைவைத்து நடத்திய காலத்தில், பேரேடு எழுதி ஐந்தொகை எடுக்கும் முறையைச் செம்மையாகக் கையாண்டனர். அவர்தம் சிறுவர் இளம்பருவத்திலேயே பெட்டியடிப் பையன்களாக அமர்ந்து, பெரியோர் அருகிலிருந்து தொழில் கற்றனர். வணிகத்திற்கெனத் தனிக் கல்லூரியாகப் பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரி 1913ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. ஆதலின் இக்கல்வி நேற்று முளைத்ததன்று, இழிந்ததுமன்று.

கணிப்பொறி வணிகத்திற்குட் புகுந்த வரலாறும் அறியத்தக்கது. வாணிகக் கணக்குகளை நாடோறும் செய்துவந்த முதற் கணிப்பொறியை அமைத்தோர் ஆயுதம் செய்வோரோ வானநூலாரோ அல்லர். இங்கிலாந்தில் தேநீர்க் கடைகள் பல நடத்திய லயன்ஸ் என்னும் நிறுவனத்தாரே அதனை அமைத்தனர். 'லியோ' எனப் பெயர் பூண்ட அப்பொறி, 1951ஆம் ஆண்டில் அவர்தம் ரொட்டி அடுகலையின் உற்பத்திக் கணக்கை மதிப்பிடும் வேலையை மேற்கொண்டது. அது வெற்றி பெற்றமைக்குக் காரணம் யாது? அவர்கள் பொறியை அமைக்குமுன் பல்லாண்டுகள் தம் அலுவலக வேலையை நுணுகி ஆராய்ந்து, எந்தக் கணக்கு எதற்கு என்பதைத் தெளிந்திருந்தனர். தொழில் அறிவு முன்னும் பொறி அறிவு பின்னுமாக வந்தன. இவ்வரிசையை நாம் மறந்துவிட்டோமோ என்பதே எமது அச்சம்.

இன்று வகுப்பறையில் நிகழ்வதைச் சிறிது நோக்குவோம். டாலி முதலிய மென்பொருள்களில் எந்த விசையை அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மாணவர் விரைவில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆனால், 'இத்தொகை ஏன் பற்றில் வந்தது? ஏன் வரவில் வரவில்லை?' என்று கேட்டால் வாய் திறவார். இறுதியாண்டில் எழுதவேண்டிய ஆய்வறிக்கையையோ, சிலர் நகரத்துக் கடைகளில் விலைகொடுத்து வாங்கி, மேலட்டையில் தம் பெயரைப் பொறித்துச் சமர்ப்பிக்கின்றனர். இதனை அறிந்தும் அறியாதார்போல் இருக்கும் ஆசிரியரும் உளர். தாயின் நகையை அடகுவைத்த பணத்தில் இது நிகழ்கின்றது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் வருந்துகின்றது.

பொறியைக் கேள்வி கேட்கத் தெரியாமையால் விளையுந் தீங்கு சிறிதன்று. இங்கிலாந்தில் 'ஹொரைசன்' என்னும் கணக்குப் பொறிமுறையை 1999ஆம் ஆண்டு முதல் அஞ்சல் நிலையங்களிற் புகுத்தினர். பிழைபட்ட அப்பொறி, பணம் குறைவதாகக் காட்டிற்று. துணை அஞ்சலதிபர்கள், 'நாங்கள் எடுக்கவில்லை' என்று கதறியும் பயனில்லை. பொறி பொய் சொல்லாது என்று மேலோர் நம்பினர். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். சிறை சென்றவரும், வீடு இழந்தவரும், உயிர் துறந்தவரும் உளர். பொறியிற் பிழைகள் இருந்தன என 2019ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. 2024ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியே அத்தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும், 2009ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கணிப்பொறித் தொழிலிலேயே புகழ்பெற்ற சத்தியம் நிறுவனத்தின் தலைவர், கணக்கிற் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று தாமே எழுதி ஒப்புக்கொண்டார். முன்னதில் பொறி தவறிற்று. பின்னதில் மனிதர் தவறினர். பொறியோ கொடுத்ததை வாங்கிக் கூட்டிக் காட்டியது. இரண்டிடத்தும் குறைந்தது, 'இது மெய்யோ?' என்று வினவும் துணிவும் அறிவுமே.

அவ்வறிவை எங்ஙனம் பெறுவது? அதற்கு முத்தாண்டிக்குப்பத்து மாணவன் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவன் வீட்டுத் திண்ணையிலேயே பள்ளி இருக்கின்றது. 80 கிலோ எடையுள்ள ஒரு மூட்டை முந்திரிக் கொட்டையை எடுத்துக்கொள்வோம். அதனை வேகவைத்து, உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கினால் ஏறக்குறையக் கால் பங்கே பருப்பாகத் தேறும். அப்பருப்பையும் ஒரே விலைக்கு விற்றல் இயலாது. முழுப்பருப்பில் 240 என்றும் 320 என்றும் தரங்கள் உள்ளன. ஒரு பவுண்டு எடையில் ஏறத்தாழ எத்தனை பருப்பு நிற்கும் என்பதையே அவ்வெண் குறிக்கும். எண் சிறிதாயின் பருப்புப் பெரிது, விலையும் பெரிது. உடைந்த பருப்பின் விலையோ மிகத் தாழ்வு. ஓட்டிற்கும் ஒரு விலை உண்டு. கொட்டையின் ஈரப்பதம் சற்று மிகுந்தாலும், உடைக்கும் பெண்டிரின் கை சற்றுத் தவறினாலும் இலாபம் நட்டமாகும். ஓட்டின் பால் பட்டு அவர் விரல்கள் புண்படுவதும் இக்கணக்கில் சேரவேண்டியதே. இவற்றையெல்லாம் எந்தப் பொறியும் தானாகக் கேளாது. கேட்கும்படி அமைப்பவன் இத்தொழிலை அறிந்தவனாக இருத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயல், கடலூர் வட்டாரத்து முந்திரி மரங்களையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. புதுக் கன்று நட்டுப் பலன் காணச் சில ஆண்டுகள் செல்லும். வருவாயற்ற அவ்வாண்டுகளைக் கடப்பது எங்ஙனம்? கடன் எவ்வளவு வாங்கலாம்? ஊடுபயிர் யாது இடலாம்? நிருவாகம் என்னும் சொல்லுக்கு இதனினும் சிறந்த பாடம் எந்நூலிலும் இல்லை. தோப்புடையார் பலர் அவ்வாண்டுகளை எழுத்தறியாமலே நிருவகித்தனர். அவர் கணக்கைக் கேட்டு எழுதிய மாணவர் எத்தனை பேர்?

ஆதலின் மூன்று செயல்களை வேண்டுகின்றோம். முதலாவது, முதல் அரையாண்டில் கணிப்பொறியைத் தொடாமல், குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை ஆகியவற்றை மாணவர் தம் கையாலேயே எழுதிப் பழகல் வேண்டும். இரண்டாவது, இறுதியாண்டு அறிக்கை, மாணவர் தம் ஊரிலுள்ள ஒரு தோப்பு, கடை, அல்லது தொழிற்கூடத்தின் மெய்யான ஓராண்டுக் கணக்காக இருத்தல் வேண்டும். உரிமையாளர் ஒப்பினாலன்றிப் பெயரும் தொகையும் வெளியிடல் ஆகாது. மூன்றாவது, வாய்மொழித் தேர்வில் ஆசிரியரோடு வணிகர் ஒருவரும் அமர்ந்து வினவுதல் வேண்டும். விலைக்கு வாங்கிய அறிக்கை அவ்விடத்தில் நில்லாது.

'வேலை தருவோர் மென்பொருட் பயிற்சியையன்றோ கேட்கின்றனர்?' எனச் சிலர் தடைகூறலாம். மென்பொருள் நிலையுடையதன்று. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல்நாள் சரக்கு சேவை வரி வந்தபொழுது, கணக்கெழுதும் முறை நாடு முழுதும் மாறிற்று. அடிப்படை அறிந்தவர் விரைவில் தேறினர். விசைகளை மட்டும் அறிந்தவர் திகைத்தனர். இப்பொழுதோ பதிவு வேலையைத் தாமே செய்யும் அறிவுப் பொறிகளும் வந்துவிட்டன. வெறும் பதிவாளனின் இடத்தையே அவை முதலிற் பறிக்கும். பிழை காண்பவனின் இடம் எஞ்சும். 2024-25ஆம் கல்வியாண்டு முதல் வணிக நிருவாகப் பட்டப்படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் ஒப்புதல் முத்திரை பாடத்திற்கு வரம்பு கட்டும். உயிரூட்டுவது ஆசிரியரும் மாணவருமே.

பழைய மாணவர்காள்! சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் இத்துறையிற் பணிசெய்யும் நீவிர், ஆண்டிற்கு ஒருநாள் கல்லூரிக்கு வந்து, நீவிர் கண்ட பிழைகளையும் அவற்றைத் திருத்திய வகையையும் இளையோர்க்குக் கூறுமின். மாணவ நண்பர்காள்! வரும் முந்திரிப் பருவத்தில் நும் தந்தையார் அருகமர்ந்து, மூட்டை ஒன்றின் வரவு செலவை எழுதிக் காட்டுமின். 'கணக்குச் சரிதான்' என்று அவர் தலையசைப்பாராயின், அடகு வைத்த நகைக்கு முதல் வட்டி அன்றே செலுத்தியவராவீர்.