ஒருமுறை பிழைத்தவருக்கு மறுமுறை விஷம் ஏறாதா?

கேள்வி: 'கணவரை மூன்று மாதங்களுக்கு முன்பு வயல் வரப்பில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். ஒருமுறை மருந்து ஏறிய உடம்பில் இனி விஷம் ஏறாது என்று ஊரில் சொல்கிறார்கள். அதை நம்பி, இரவில் வெறுங்காலோடு மடை பார்க்கப் போகிறார். இது உண்மையா? அறுவடை நேரத்தில் எப்படிக் கவனமாக இருப்பது?'

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: உண்மையில்லை. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துத்தான் விஷமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. அது சில வாரங்களில் உடலைவிட்டு வெளியேறிவிடும். தடுப்பூசிபோல நிலைத்து நிற்காது. மறுபடியும் பாம்பு கடித்தால் முதல்முறைபோலவே விஷம் ஏறும். அதே மருந்துதான் தேவைப்படும். ஏற்கெனவே மருந்து ஏற்றியவருக்கு ஒவ்வாமை வர வாய்ப்புண்டு என்பதால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பயந்து மருந்து வேண்டாம் என்று மறுக்கக் கூடாது. பழைய மருத்துவச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கண்ணாடி விரியனின் விஷம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. சிறுநீர் குறைந்தாலோ, முகம், கால் வீங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லவும். எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், மருத்துவர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனைக்குப் போவது அவசியம்.

இனி வயல் வேலை. பெரும்பாலும் காலிலும் கையிலும்தான் பாம்பு கடிக்கிறது. வரப்பிலும் களத்திலும் நடக்கும்போது முழங்கால் வரை மூடும் ரப்பர் பூட்ஸ் போடலாம். சேற்றில் அது சரிப்படாது. எனவே இறங்கும் முன் மடையையும் வரப்புப் புல்லையும் நீண்ட கம்பால் தட்டிப் பார்க்கவும். இரவில் மோட்டார் போட ஓடும்போது டார்ச் லைட் இல்லாமல் போகக் கூடாது. வைக்கோல், நெற்கட்டு, விறகு, செங்கல் ஆகியவற்றைக் கம்பால் நகர்த்திப் பார்த்த பிறகே கையால் எடுக்க வேண்டும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வரப்பில் எலி வளைகளை அடைப்பதும், நெல் மூட்டைகளைப் படுக்குமிடத்திலிருந்து தள்ளி வைப்பதும் நல்லது. களத்தில் காவல் படுப்பவர்கள் கட்டிலில், கொசுவலையை ஓரம் செருகிக்கொண்டு தூங்கவும். தரையில் படுப்பவரைக் கட்டு விரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியும் நேரத்தில் வயிற்றுவலி வந்தாலோ, கண் இமை தொங்கினாலோ அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, அரைஞாண் போன்ற இறுக்கமானவற்றைக் கழற்றி, கடிபட்ட பகுதியை அசைக்காமல் சிம்பு வைத்து, 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.

கணவரைப் பிழைக்க வைத்தது உடம்பில் ஏறிய சக்தி அல்ல. நேரத்தோடு மருத்துவமனைக்குப் போனதுதான். அதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.