தர்ப்பூசணியும் எருவின் அளவும்

கோடை பிறந்ததும் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலும், அம்பத்தூர், ஆவடி முதலிய ஊர்களின் தெருமுனைகளிலும் தர்ப்பூசணிக் குவியல்களைக் காண்கின்றோம். திண்டிவனம் முதலிய பக்கங்களிலிருந்து லாரிகளில் வந்திறங்கும் அப்பழத்தை உண்டு களிக்கும் நம்மில், அதனை விளைவித்த குடியானவனுக்கு யாது மிஞ்சிற்று என்று எண்ணுவோர் மிகச் சிலரே. 2025-ஆம் ஆண்டில், பழத்தில் சாயம் ஏற்றப்படுகிறது என்ற பேச்சுப் பரவியபோது விலை சரிந்து, உழவர் பெருநஷ்டமடைந்தனர். சந்தை விலை உழவன் கையில் இல்லை. செலவையும் பழத்தின் தரத்தையுமோ அவன் ஓரளவு தன் வசப்படுத்தலாம். அதற்குரிய முதல் வழி எருவிடுதலில் ஒழுங்கே என்பது எமது கருத்து.

எரு போதாமையால் விளைவு குன்றுகிறது என்பர் பலர். எரு சமனிழந்து போவது அதனினும் பெருங்குறையாகும். 2010-ஆம் ஆண்டு முதல் மணிச்சத்து, சாம்பற்சத்து உரங்களுக்கு அரசினர் மானியம் சத்தின் அளவைக்கொண்டு வழங்கப்படுகிறது. யூரியா மட்டும் அத்திட்டத்திற்குப் புறம்பாய் நின்று, மிக மலிவாய் விற்கப்படுகிறது. மலிந்ததை மிகுதியாய் இடுவது மனித இயல்பு. தழைச்சத்து மிகுந்தால் கொடி செழித்துப் படரும். பெண் பூக்களோ குறையும். சாம்பற்சத்துக் குறைந்தால் பழத்தில் இனிமை குறையும். உழவன் செலவழித்த பணம் இலையாய்ப் போயிற்றேயன்றிக் காயாகவில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கூறும் முறை எளியது. ஹெக்டேருக்குத் தொழுவுரம் 20 டன். மணிச்சத்தும் சாம்பற்சத்தும் 55 கிலோ வீதம் அடியுரம். விதைத்து 30 நாள் சென்றபின் தழைச்சத்து 55 கிலோ. இவற்றோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர் உரங்களும் சேரும். தொழுவுரம் மணற்பாங்கான நிலத்தில் ஈரத்தை நிறுத்தும். நுண்ணுயிர்களுள் ஒன்று காற்றிலுள்ள தழைச்சத்தைப் பற்றித் தரும், மற்றொன்று மண்ணிற் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைக்கும். ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து மேலாண்மை என்று நிபுணர் கூறுவது இதுவே.

மாடுகள் அருகிவரும் நாளில் தொழுவுரத்திற்கு எங்கே போவது என்று சிலர் வினவலாம். அது நியாயமான கேள்வியே. தக்கைப்பூண்டு, சணப்பு முதலியவற்றை விதைத்து மடக்கி உழலாம். அனுமதி பெற்று ஏரி வண்டலை எடுத்து இடலாம். கோயம்பேட்டுச் சந்தையிற் கழியும் காய்கறிக் குப்பையை மக்கச் செய்யலாம். நகரம் கிராமத்தினின்று பெற்றதில் ஒரு பங்கையேனும் மண்ணுக்குத் திருப்பியளித்தல் தகும்.

நிற்க, நமது கடமை யாது? 1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய வேளாண்மைப் பள்ளியே 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து, பின்னர்ப் பல்கலைக்கழகமாய் வளர்ந்தது. இன்று திருவள்ளூரை அடுத்த திரூரில் அப்பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இயங்குகிறது. 2015-இல் மண்வள அட்டைத் திட்டமும் தொடங்கப்பட்டது. எனினும் அட்டையிலுள்ள எண்களின் பொருள் விளங்காதவனுக்கு அது வெறுங் காகிதமே. இரசாயனம் பயிலும் மாணவர்கள் விடுமுறையில் அருகிலுள்ள கிராமங்களுக்குச் சென்று, மண் எடுக்கும் முறையைக் காட்டி, முடிவுகளை நல்ல தமிழில் விளக்கி, இன்ன உரம் இத்தனை மூட்டை போதும் என்று கணக்கிட்டுரைப்பாராயின், ஒரு மூட்டை யூரியாவின் விலையேனும் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு மிச்சமாகும். கற்ற கல்வி பயன்படுவதற்கு இதனினும் அண்மையான களம் நமக்கு வேறில்லை.