வீடு பார்க்கும் படலம்

சென்னைப் பட்டணத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு முற்காலத்தில் மூன்று லட்சணங்கள் போதுமாயிருந்தன. கிணற்றுத் தண்ணீர் நன்றாயிருக்க வேண்டும். வாடகை சம்பளத்துக்குள் அடங்க வேண்டும். ரயில் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். 1931-ம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, இந்த மூன்றாவது லட்சணத்துக்காகவே பல்லாவரத்தையும் குரோம்பேட்டையையும் தேடிப் போனவர்கள் பலர். இப்போது நாலாவது லட்சணம் ஒன்று சேர்ந்து, மற்ற மூன்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதுதான் பள்ளிக்கூடம். குழந்தைக்குப் பால் பல் முளைத்து முடிவதற்குள், "எந்தப் பேட்டையில் எந்தப் பள்ளிக்கூடம்?" என்ற விசாரம் பெற்றோரைப் பிடித்துக்கொள்கிறது.

சமீபத்தில் நமது இளம் நண்பர் ஒருவர் மனைவியுடன் நம்மிடம் யோசனை கேட்க வந்தார். அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. "ஸார், தாங்கள் இருபது வருஷமாக உபாத்தியாயராக இருக்கிறீர்கள். தாம்பரமா, நங்கநல்லூரா, மேடவாக்கமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள், முன்பணம் கொடுத்துவிடுகிறோம்" என்றார். கையில் ஓர் அட்டவணையும் வைத்திருந்தார். கட்டணம், கட்டிடம், விளையாட்டு மைதானம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. குழந்தை காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் இடம் இல்லை!

"தாம்பரத்தில் பெரிய கல்லூரியே இருக்கிறதே!" என்றார் அந்த அம்மாள். உண்மைதான். கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் அங்கே குடியேறிற்று. ஆனால் அந்தக் குழந்தை அதில் சேர இன்னும் பதின்மூன்று வருஷமாவது ஆகும். அதுவரையில் அதற்கு வேண்டியது ஒரு நல்ல ஒன்றாம் வகுப்பு அல்லவா?

பேட்டையைப் பொறுக்கிவிட்டால் பள்ளிக்கூடத்தையும் பொறுக்கியதாகிவிடாது என்பது நமது அபிப்பிராயம். தாம்பரம் என்று ஒரே பெயர் சொல்கிறோம். ஆனால் ரயில் பாதையும் பெரிய சாலையும் அதைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக வகுத்துவிட்டன. கிழக்கேயுள்ள சிறந்த பள்ளியால் மேற்கேயுள்ள ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன சௌகரியம்? ஆகையால் பள்ளியை முதலில் பாருங்கள். அதிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு தேடுங்கள். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரையில் பள்ளிக்கூடம் 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. வெகு தூரம் வேனில் குலுங்கி வரும் குழந்தைகளை நாம் முதல் மணியிலேயே அடையாளம் கண்டுகொள்வோம். பாடம் தொடங்கும்போது அவர்கள் கண் சொருகத் தொடங்கும்.

அந்த வழியையும் நடந்து பார்க்க வேண்டும். சித்திரையில் வீடு பார்த்தால் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கத்தில் ஜனங்களைப் படகில் ஏற்றி மீட்க நேர்ந்ததை மறக்கலாகாது.

நிற்க. நல்ல பள்ளி என்று எப்படிக் கண்டுகொள்வது? வாசலில் உள்ள பெயர்ப் பலகையைப் பார்த்து அல்ல. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் நோட்டுப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாற்பது நோட்டிலும் ஒரே வாக்கியம், ஒரு பிழையும் இன்றி இருந்தால், அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. குழந்தையின் சொந்தப் பிழையும், அதன் பக்கத்தில் ஆசிரியை பொறுமையாகத் திருத்திய அடையாளமும் இருந்தால், அங்கே பாடம் நடக்கிறது. கடைசி வரிசையிலுள்ள குழந்தையை ஆசிரியை பெயர் சொல்லி அழைக்கிறாரா? அவர் அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார்? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? இவற்றுக்கு விடை தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி. குழந்தையையும் பெற்றோரையும் பேட்டி கண்டு பொறுக்கும் பள்ளியானால் ஜாக்கிரதையாக இருங்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அந்த வழக்கத்தைத் தடை செய்திருக்கிறது.

இப்படிப் பார்க்கும்போது, பக்கத்திலுள்ள அரசாங்கப் பள்ளிக்கும் அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கும் ஒரு முறை போய் வாருங்கள் என்றோம். நண்பரின் முகம் சிறுத்துவிட்டது. "அங்கே ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள், ஸார்!" என்றார். இரண்டு பேர் மட்டும் இருப்பது ஏன்? அதே சட்டத்தில் கணக்கு இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் 2 ஆசிரியர். 90 வரையில் 3. 120 வரையில் 4. 200 வரையில் 5. நாம் ஒவ்வொருவராக நம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகப் போக, பிள்ளைகள் குறைகிறார்கள். பிள்ளைகள் குறைய, ஆசிரியர்கள் குறைகிறார்கள். பிறகு, "ஆசிரியர் இல்லாத பள்ளி" என்று நாமே குறை சொல்கிறோம். போக இடம் இல்லாத கூலிக்காரர் வீட்டுக் குழந்தை, மூன்று வகுப்புகள் ஒன்றாய் உட்காரும் அந்த அறையில் மிஞ்சி நிற்கிறது.

"அதற்காக என் குழந்தையை வைத்தா பரீட்சை செய்வது?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பொது நன்மைக்காகக் குழந்தையின் படிப்பைத் தியாகம் செய்யும்படி யாரிடமும் நாம் சொல்லமாட்டோம். பள்ளி சரியில்லை என்று கண்ணால் கண்டால் வேறிடம் போகத்தான் வேண்டும். ஆனால் உள்ளே கால் வைக்காமலே தீர்ப்புச் சொல்வது எந்த நியாயம்? போய்ப் பார்த்தால் ஆறு ஆசிரியர்களும், நிறைந்த வகுப்புகளும் உள்ள பள்ளியாகவும் இருக்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு வருஷம் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். படித்த தாய்மார் நாலு பேர் அந்தக் குழுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டால், குழாயில் தண்ணீரும் வரும்; வகுப்பில் ஒழுங்கும் வரும்.

இருபது வருஷக் கடன் வாங்கிப் பேர்பெற்ற பேட்டையில் வீடு வாங்கிவிட்டு, கடனை அடைப்பதற்காகத் தாயும் தகப்பனும் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினால், குழந்தைக்கு மாலையில் கதை சொல்ல யார் இருக்கிறார்கள்? எந்தப் பள்ளியின் கட்டணப் பட்டியலிலும் அந்தக் கதைக்கு விலை போட்டிருக்கவில்லை.

ஆகவே பெற்றோர்களே, முன்பணம் கொடுக்கு முன் ஒரு வேலை நாளில், மணி அடிக்கும் வேளையில், பள்ளி வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். குழந்தைகள் ஓடி உள்ளே போகிறார்களா, இழுத்துக்கொண்டு போகப்படுகிறார்களா என்று கவனியுங்கள். வீட்டுத் தரகர் சொல்லாத விஷயத்தை அந்தக் கால்கள் சொல்லிவிடும்.