கப்பல் உள்ளே வந்த பிறகா சோதனை?

2020 செப்டம்பர் 3 அன்று சங்கமன்கண்டிக்கு அப்பால் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியபோது அதில் ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. கிழக்குக் கரையில் ஒலுவில் முதல் மருதமுனை வரை கடலை நம்பி வாழும் எங்களுக்கு அந்தப் பதற்றம் இன்னும் ஆறவில்லை. எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும்; சில சரக்கு கப்பலுக்குள் இருப்பதே தெரிவதில்லை.

அடுத்த ஏப்ரலில், சீனா நோக்கிச் சென்ற 'பிபிசி நேப்பிள்ஸ்' கப்பல் யுரேனியம் ஹெக்ஸாபுளோரைடு என்ற கதிரியக்கப் பொருளுடன் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. சரக்கு என்னவென்று முன்கூட்டியே அறிவிக்கப்படவில்லை. அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை தலையிட்டுக் கப்பலை வெளியேற்றியது. அந்த அதிகாரிகளுக்கு நன்றி. ஆனால் தெரியவந்தது கப்பல் உள்ளே வந்த பிறகுதான். இந்தப் பொருளில் கதிரியக்கத்தைவிட உடனடி ஆபத்து அதன் இரசாயனம். கசிந்து ஈரக்காற்றுப் பட்டால், நுரையீரலை அரிக்கும் ஹைட்ரஜன் புளோரைடு உருவாகும். கடலோரத்தில் ஈரமில்லாத காற்று ஏது?

எங்கள் கடலுக்கு அப்பால் செல்லும் கப்பல்களில் எது என்ன சுமக்கிறது என்பது கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கு முன்பே தெரிய வேண்டும். விபத்து நேர்ந்தால் ஆழ்கடலில் நிற்கும் படகுகளுக்கு யார், எப்படி, எந்த மொழியில் அறிவிப்பார்கள் என்பதைக் கல்முனை, சாய்ந்தமருது மீனவர் சங்கங்களுக்குத் அந்தச் சபை தமிழில் எழுத்துமூலம் தர வேண்டும்.

மீனவக் குடும்பத்து வாசகர்,
கல்முனைக்குடி